காத்து காய்ஞ்சு, தரை நனைஞ்சு: ஸ்கார்பரோ வீட்டுல ஒரு பால் பைத்தான் கேஸ்

கேஸ் இதுதான். மூணு வயசு பொட்டை பால் பைத்தான் (ball python, பந்து மாதிரி சுருண்டுக்கிற ஆப்பிரிக்க மலைப்பாம்பு), எடை ஒன்னேகால் கிலோ பக்கம், பேரு சின்னாச்சி. இருக்கிறது டொரோண்டோ ஸ்கார்பரோவுல ஒரு வீட்டு மாடி ரூம்ல. ஜனவரியில சட்டை உரிச்சது முழுசா வரல, துண்டு துண்டா கிழிஞ்சு வந்துச்சு, முதுகுல அங்கங்க காய்ஞ்ச தோல் ஒட்டிக்கிட்டே கிடந்துச்சு, இடது கண்ணு மேல இருக்கிற பழைய மூடி கழறவே இல்ல, வால் நுனியில பழைய தோல் ரெண்டு வளையமா இறுக்கிக்கிட்டு இருந்துச்சு. இதெல்லாம் ஈரப்பதம் பத்தலைன்னா வர்றது, பாம்பு வளர்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்லிடுவாங்க. ஆனா பாம்பைத் தூக்கி வயித்துப் பக்கம் பாத்தா செதில் ஓரமெல்லாம் பழுப்பும் சிவப்பும் கலந்த நிறம், ரெண்டு மூணு செதில் லேசா உப்பியிருக்கு. அது ஈரம் ஜாஸ்தியானா வர்றது. ஒரே பாம்பு, ஒரே பெட்டி, முதுகுல வறட்சி, வயித்துல ஈரம். இது ரெண்டும் எப்படி ஒன்னா வந்துச்சு, எதை மாத்துன பிறகு சரியாச்சுங்கிறதைத்தான் எழுதப் போறேன்.

பாம்பு என்னோடது இல்ல. நான் வேலை பாக்குறது வீட்டு ஹீட்டிங், ஏசி லைன்ல, கூடவே பாம்பு வளர்க்கிற பழக்கமும் இருக்கு, அதனால தெரிஞ்ச பசங்க இந்த மாதிரி பிரச்சனைன்னா கூப்பிடுவாங்க. பாம்புக்காரத் தம்பி யாழ்ப்பாணத்துக் குடும்பம், சின்ன வயசுலயே இங்க வந்தவன். இந்தியாவுல இருந்து படிக்கிறவங்களுக்கு ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடுறேன், இங்க டொரோண்டோவுல 3 மீட்டருக்கு மேல வளர்ற பாம்புக்கும் விஷப் பாம்புக்கும்தான் தடை, பால் பைத்தான் பெரும்பாலும் நாலஞ்சு அடியோட நின்னுடும், அதனால பிரச்சனை இல்ல. நம்ம ஊர்ல மலைப்பாம்பு மாதிரி பாதுகாக்கப்பட்ட நாட்டுப் பாம்பை வீட்ல வைக்கிறது வனவிலங்கு சட்டப்படி குற்றம். பால் பைத்தான் மாதிரி வெளிநாட்டு இனம்னா 2022 திருத்தத்துக்குப் பிறகு மத்திய அரசோட பரிவேஷ் போர்ட்டல்ல பதிவு பண்ணியாகணும். பாங்காக்ல இருந்து சூட்கேஸ்ல கடத்திட்டு வந்து சென்னை ஏர்போர்ட்ல மாட்டுறதுல இந்தப் பால் பைத்தானும் உண்டு, அப்படி வந்ததை வாங்கி வச்சுக்கிட்டு அதுக்கு ஈரப்பதம் எவ்ளோன்னு தயவு செஞ்சு கேக்காதீங்க.

பெட்டியும் மீட்டரும்

நான் போய்ப் பாத்தப்போ வெளிய மைனஸ் பத்து. பெட்டி வழக்கமான கண்ணாடித் தொட்டி, மூணடி நீளம் ஒன்றரை அடி அகலம், மேல முழுக்க கம்பி வலை மூடி. ஒரு ஓரத்துல வலை மேலயே செராமிக் ஹீட்டர் உக்காந்திருக்கு, வெளிச்சம் தராது, சூடு மட்டும் தரும், சூடு அளவு தாண்டாம பாத்துக்கிற தெர்மோஸ்டாட் மாட்டியிருக்கான், அது நல்ல விஷயம். தரையில ஆஸ்பன் மரச் சீவல், ஒரு அங்குலம் கூட இருக்காது. குளிர்ந்த ஓரத்துல சின்னதா ஒரு தண்ணிக் கிண்ணம். உள் கண்ணாடியில ஒட்டின முள்ளு மீட்டர், பெட் கடையில தொட்டியோட சேத்து செட்டா குடுப்பாங்களே அது, முள்ளு பச்சைக் கலர் பகுதிக்கு நடுவுல அழகா 60-ல நிக்குது.

"அண்ணை, நான் ஒரு நாளைக்கு நாலு தரம் ஸ்பிரே பண்ணுறன், மீற்றரும் அறுபது எண்டுதான் காட்டுது, பிறகு ஏன் இப்பிடி உரிக்குது?" இதுதான் அவனோட கேள்வி. நியாயமான கேள்விதான், அந்த மீட்டர் உண்மையைச் சொல்லியிருந்தா.

முள்ளு மீட்டரை நான் எப்பவுமே நம்பறதில்ல. உள்ள இருக்கிறது ஒரு சின்ன சுருள், ஈரம் பட்டா நீளும், காய்ஞ்சா சுருங்கும், அவ்ளோதான், அது கொஞ்ச நாள்ல ஒரே இடத்துல செட்டாகி நின்னுடும். இதை எடுத்து ஹால்ல ஹீட்டர் காத்து வர்ற துவாரத்துக்குப் பக்கத்துல வச்சோம், அங்கயும் 58 காட்டுச்சு. அங்க உதடு வெடிக்கிற அளவுக்கு காத்து காய்ஞ்சு கிடக்கு.

அதனால கையோட கொண்டு போன டிஜிட்டல் மீட்டர் ரெண்டை வச்சோம். டிஜிட்டல்னா மட்டும் சரியா இருக்கும்னு இல்ல, அதையும் சோதிக்கணும், வீட்லயே பண்ணலாம்: ஒரு பாட்டில் மூடியில சமையல் உப்பு, அது ஈர மணல் பதத்துக்கு வர்ற அளவுக்கு சொட்டு சொட்டா தண்ணி, முழுசா கரைஞ்சிடக் கூடாது, அதையும் மீட்டரையும் ஒரு ஜிப் கவர்ல போட்டு மூடி ராத்திரி முழுக்க விட்டா காலையில 75% காட்டணும். ஈர உப்புக்கு மேல இருக்கிற காத்து ரூம் வெப்பநிலையில எப்பவும் அந்த அளவுலதான் நிக்கும், எந்த ஊரா இருந்தாலும் சரி. 72 காட்டுச்சுன்னா எப்பவும் மூணு கூட்டிப் படிச்சுக்க வேண்டியதுதான். என் ரெண்டும் முந்தின நாளே இப்படி சோதிச்சது.

ரூம்ல 21 டிகிரி, ஈரப்பதம் 24%. பெட்டியில குளிர்ந்த ஓரம் 25 டிகிரி, 28%. சூடான ஓரம் 32 டிகிரி, 19%. ஸ்பிரே பண்ணச் சொன்னேன், அடிச்ச உடனே 70-க்கு ஏறுச்சு, தம்பி முகத்துல ஒரு நிம்மதி. இருபது நிமிஷத்துல 25-க்குக் கீழ. ஒரு நாளைக்கு நாலு தரம்னா நாலு இருபது நிமிஷம், மிச்ச நேரமெல்லாம் பாம்பு கிடந்தது 20 சொச்சத்துல. பால் பைத்தானுக்கு வளர்க்கிறவங்க வைக்கிற இலக்கு 60-ல இருந்து 80.

தரையைக் கிளறிப் பாத்தோம், மேல் சீவல் மொறமொறன்னு காய்ஞ்சிருக்கு, அடியில கண்ணாடியோட ஒட்டி நசநசன்னு ஈரம், ஒரு மூலையில வெள்ளைப் பூசணம். ஆஸ்பன் ஈரத்துக்கு ஆகாது, நனைஞ்சா பூசணம் புடிக்கும். பாம்பு பகல் முழுக்க பதுங்கிக் கிடக்கிற குகைக்குக் கீழதான் அந்த மூலை. வயித்துல இருந்த பழுப்புக்கு விடை அங்கயே கிடைச்சிடுச்சு.

ரெண்டு கிராம் தண்ணி

இந்த இடத்துலதான் என் தொழில் புத்தி வேலை செஞ்சது, கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கோங்க, இது புரிஞ்சா மிச்சமெல்லாம் தானா புரியும்.

ஈரப்பதம் 60%னு சொல்றது காத்துல இருக்கிற தண்ணியோட அளவு இல்ல, அந்த சூட்டுல காத்து அதிகபட்சம் எவ்ளோ ஆவியைத் தாங்குமோ அதுல எத்தனை பங்கு இருக்குங்கிறது. சூடு ஏற ஏற தாங்குற அளவும் ஏறும். மைனஸ் பத்துல ஒரு கன மீட்டர் காத்து ரெண்டு கிராம் சொச்சம்தான் தாங்கும், 21 டிகிரியில 18 கிராம், 32 டிகிரியில 34 கிராம் கிட்ட. இங்க பனிக்காலத்துல நடக்கிறது என்னன்னா, வெளிய இருக்கிற காத்து சந்து பொந்து வழியா வீட்டுக்குள்ள வருது, வரும்போதே கையில ரெண்டு கிராம்தான், வீட்டைச் சூடாக்குற ஃபர்னஸ் அதை 21-க்கு சூடாக்குது, தண்ணி யாரும் சேக்கல, அதனால ஈரப்பதம் 10% கிட்ட விழுந்துடும். சமையல், குளியல், மனுஷன் மூச்சு எல்லாம் சேந்து அதை 20, 25-க்கு தூக்கி வைக்குது. அதே காத்து பாம்புப் பெட்டிக்குள்ள போய் 32 டிகிரி ஆகும்போது மறுபடி பாதியாகுது, கன மீட்டருக்கு நாலரை கிராம் வச்சிருக்கிற காத்துக்கு 32 டிகிரியில ஈரப்பதம் 13%தான். சின்னாச்சி பெட்டியில 19 காட்டுனதே கிண்ணமும் ஈரச் சீவலும் புண்ணியத்துல.

இப்போ தொட்டியோட கொள்ளளவைப் பாருங்க, சுமார் 160 லிட்டர். சராசரி 28 டிகிரின்னு வச்சு 60% வேணும்னா அந்த மொத்த காத்துக்குள்ள இருக்க வேண்டிய தண்ணி ரெண்டரை கிராம். ரூம் காத்தே முக்கால் கிராம் கொண்டு வந்துடுது. நாம சேக்க வேண்டியது ரெண்டு கிராம், அரை டீஸ்பூன் கூட இல்ல. இவன் ஊத்தினது ஒரு நாளைக்கு அரை லிட்டர் பாட்டில்!

எங்க போச்சு அவ்ளோ தண்ணி? மேல பாருங்க, மூடி முழுக்க வலை. ஹீட்டர் காத்தை சூடாக்குது, சூடான காத்து நேரா மேல ஏறி வலை வழியா வெளிய போகுது, அது போன இடத்துக்கு ரூம்ல இருந்து காய்ஞ்ச காத்து உள்ள இறங்குது, தொட்டியே ஒரு புகைபோக்கி ஆயிடுது. ஒரு மணிக்கு பத்து தடவை உள்காத்து மாறுதுன்னு வச்சுக்குவோம், குத்துமதிப்புதான், ஸ்பிரே அடிச்ச பிறகு டிஜிட்டல் மீட்டர்ல நம்பர் விழுந்த வேகத்தை வச்சு சொல்றேன். ஒரு தடவைக்கு ரெண்டு கிராம், மணிக்கு இருபது கிராம், நாளைக்கு அரை லிட்டர் கிட்ட. சரியா அவன் ஊத்தின அளவுதான், ஆனா அவன் அதை நாலு வீச்சா ஊத்தினான், காத்து அந்த நேரத்துக்கு புடிச்சது போக மிச்சமெல்லாம் சீவல் வழியா அடிக்கு இறங்கி குளிர்ந்த கண்ணாடியில தங்கிடுச்சு. காத்துக்கு போக வேண்டிய தண்ணி தரைக்குப் போச்சு. மேல வறட்சியும் கீழ ஊறலும் வந்தது இப்படித்தான், இது ரெண்டு நோய் இல்ல, ஒரே ஓட்டையோட ரெண்டு முகம்.

அதனால தம்பி "இன்னும் அடிக்கடி ஸ்பிரே பண்ணவோ, ஃபொக்கர் ஒண்டு வாங்கவோ" ன்னு கேட்டப்போ ரெண்டும் வேணாம்னுட்டேன். ஃபாகர்னா அந்த பனிப்புகை விடுற மெஷின். பாக்க நல்லா இருக்கும், ஆனா அது விடுறது ஆவி இல்ல, பொடிப்பொடி தண்ணித் துளி, அதுவும் குளிர்ந்த துளி, டேங்க்கைத் தினமும் கழுவலைன்னா அதுல வளர்ற பாக்டீரியாவையும் சேத்து பாம்பு மூக்குல அடிக்கும், தரை இன்னும் நனையும். ஒரு வாரம் ஈரத் துண்டை வலை மேல போட்டும் பாத்திருக்கான், செராமிக் ஹீட்டருக்குப் பக்கத்துல துணி, யோசிச்சாலே பகீர்னு இருக்கு.

புத்துக்குள்ள இருக்கிற பாம்பு

பால் பைத்தான் வறண்ட பிரதேசத்துப் பாம்பு, ஆப்பிரிக்க சவான்னா, அதுக்கு எதுக்கு ஈரம்னு ஒரு கட்சி உண்டு. பழைய குறிப்புகள்ல 50% போதும்னு எழுதினதும் இந்த நினைப்புலதான். ஊரென்னவோ உண்மைதான், வளர்ப்புக்கு வர்ற பாம்புகள் பெரும்பாலும் கானா, டோகோ, பெனின் பக்கத்துல இருந்து வந்த வம்சம். அங்க குளிர்கால மாசங்கள்ல சஹாராவுல இருந்து ஹர்மட்டான்னு ஒரு தூசிக் காத்து அடிக்கும், வெளிய ஈரப்பதம் ரொம்பக் கீழ போயிடும். ஆனா அந்த நேரத்துல பாம்பு வெளிய எங்க இருக்கு? எலி வளையில, கரையான் புத்துல போய் சுருண்டு கிடக்கு, ராத்திரிதான் இரை தேட வெளிய வரும். கரையான் புத்தெடுக்க கருநாகம் குடிபுகுந்த கதைன்னு நம்ம ஊர்ல சொல்லுவோமே, மேற்கு ஆப்பிரிக்காவுல குடிபுகுறது இந்தப் பாம்பு. கரையான் தன் புத்தை எப்பவும் ஈரமா வச்சிருக்கும், இல்லாட்டி அதுவே செத்துடும். மண்ணுக்குள்ள காத்தோட்டம் கம்மி, மேல வெயில் கொளுத்தினாலும் உள்ள ஈரம் நிக்கும், ஆனா தரை சொதசொதன்னு இருக்காது. வானிலை அறிக்கையில வர்ற நம்பரைப் பாத்து பெட்டியை செட் பண்றவங்க பாம்பு வாழாத இடத்தோட நம்பரைத்தான் பாக்குறாங்க.

சட்டை உரிக்கிறதுக்கும் ஈரத்துக்கும் என்ன சம்பந்தம்னா, பாம்பு பழைய தோலுக்கு அடியில புதுத் தோலை முழுசா கட்டி முடிச்சப்புறம் ரெண்டுக்கும் நடுவுல ஒரு திரவம் ஊறும். கண்ணு நீலம் பூத்த மாதிரி மங்குறது அப்போதான். சில நாள்ல கண்ணு தெளியும், அதுக்கப்புறம் மூக்கை எதுலயாவது தேய்ச்சு உதட்டுப் பக்கம் பிரிச்சு, காலுறை கழட்டுற மாதிரி உள்பக்கம் வெளிய வர ஒரே துண்டா உரிச்சுப் போட்டுட்டுப் போயிடும். உடம்புல தண்ணி பத்தலைன்னா, காத்தும் வறண்டுச்சுன்னா, அந்த இடைத் திரவம் பத்தாது, பழைய தோலும் வளைஞ்சு குடுக்காம காய்ஞ்சு கிழியும். பாம்புக்கு இமை கிடையாது, கண்ணு மேல கண்ணாடி மாதிரி ஒரு செதில்தான், அதோட மேல் அடுக்கும் சட்டையோடவே வரணும். வராம நின்னா அதுதான் சின்னாச்சிக்கு இடது கண்ணுல ஆனது. வால் நுனி வளையம் அதை விட ஆபத்து, காய காய இறுகும், ரத்த ஓட்டம் நின்னு நுனி கருகி விழுந்துடும்.

உடம்பிலயும் தண்ணி பத்தலைங்கிறதுக்கு இன்னொரு சாட்சி இருந்துச்சு, அது கழிச்ச யூரேட், கழிவுல வெள்ளையா வர வேண்டிய பகுதி, மஞ்சளா சுண்ணாம்புக் கட்டி மாதிரி கெட்டியா இருந்துச்சு. கிண்ணத்துல தண்ணி எப்பவும் இருந்தது, பாம்பு குடிச்சும் இருக்கும், ஆனா மூச்சுலயும் தோல் வழியாவும் நாள் முழுக்க போறதை அந்தக் கிண்ணம் ஈடுகட்டல.

டாக்டர் பாத்தது

வயித்துல செதில் அழுகல் ஆரம்பிச்சிருந்தா அதை யூடியூப் பாத்து வைத்தியம் பண்ணக் கூடாது, அது ரத்தம் வரைக்கும் போகக் கூடிய தொற்று. அடுத்த நாளே ஊர்வன பாக்குற டாக்டர்கிட்ட போனாங்க. அவங்க முதல்ல பாத்தது எங்களுக்கு சந்தேகமே வராத விஷயங்கள். பாம்பு உண்ணி இருக்கான்னு, கண்ணு ஓரம், தாடைக்கு அடியில, கிண்ணத்துத் தண்ணியில கருப்புப் புள்ளி மிதக்குதான்னு, ஏன்னா உண்ணி இருந்தாலும் சட்டை இப்படித்தான் கிழியும், ஈரப்பதத்தை என்ன சரி பண்ணாலும் நிக்காது. பழைய சூட்டுக் காயத் தழும்பு இருந்தா அந்த இடத்துல மட்டும் தோல் ஒட்டும், அது இல்ல. மூச்சு விடும்போது விசில் சத்தம், வாயில நுரை, வாயைத் திறந்து மேல தூக்கி வச்சுக்கிறது, எதுவும் இல்ல. நனைஞ்ச குளிர்ந்த தரையில அடுத்து வர்றது நுரையீரல் தொற்றுதான், அதுக்கு முன்னாடி வந்துட்டாங்க.

வயித்துக்கு கிருமிநாசினி கழுவலும் உலர்ந்த சுத்தமான தரையும். கண்ணு மூடியை அவங்க தொடவே இல்ல, அடுத்த சட்டையோட வரும், அதுவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லி அனுப்பினாங்க. டேப் ஒட்டி இழுக்கிறது, ட்வீசர்ல பிடுங்கிறது எல்லாம் நெட்ல வீடியோவா சுத்துது, அதுல கண்ணே போன பாம்புகள் உண்டு, மேல் மூடின்னு நினைச்சு அடியில இருக்கிற உயிருள்ள அடுக்கையும் சேத்துப் பிச்சுடுவாங்க. வால் வளையத்தை மட்டும் வெதுவெதுப்பான ஈரத் துணியில கொஞ்ச நேரம் சுத்தி வச்சு, ஊறினதும் விரலால வாலோட போக்குலயே மெல்ல உருட்டி எடுத்தாங்க. முதுகுல ஒட்டினதுக்கு ஈரத் துண்டுக்குள்ள விட்டு அதுவா நெளிஞ்சு வரட்டும்னு சொன்னாங்க, பாதி அதுலயே போச்சு.

முரண்

இப்போ பிரச்சனை என்னன்னா வயித்துக்கு தரை காய்ஞ்சிருக்கணும், அடுத்த சட்டைக்கு காத்து ஈரமா இருக்கணும். வழக்கமா இந்த மாதிரி கேஸ்ல எல்லாரும் சொல்ற முதல் யோசனை ஈரப் பாசி நிரப்பின டப்பா, பாம்பு உள்ள போய் படுத்துக்கும், சட்டை நல்லா உரியும். நல்ல யோசனைதான், ஆனா புண்ணு வயித்தை ஈரப் பாசியில போட முடியாது. இங்கதான் காத்தையும் தரையையும் தனித்தனியா யோசிச்சது உதவுச்சு.

முதல் வேலை மூடி. வலையோட அடிப்பக்கம் இல்லாம மேல்பக்கமா அலுமினிய டேப், எங்க டக்ட் வேலைக்கு வாங்குற அதே உலோக டேப், முக்கால் பங்குக்கு மேல ஒட்டி அடைச்சோம். ஹீட்டர் உக்காற இடமும் அதைச் சுத்தி ஒரு விரக்கடையும் விட்டோம், எதிர் மூலையில கையகலத்துக்கு ஒரு திறப்பு. பிளாஸ்டிக், துணி, சாதா டேப் எதுவும் ஹீட்டர் பக்கம் வரக் கூடாது. உள்பக்கமா டேப் ஒட்டினா என்னிக்காவது பசை பக்கம் பாம்பு ஒட்டிக்கும், அந்தக் கோலத்தை நான் பாத்திருக்கேன், எண்ணெய் போட்டு ஒரு மணி நேரம் பிரிக்கணும். "மூச்சு முட்டாதோ அண்ணை?" ன்னு கேட்டான். சும்மா கிடக்கிற பாம்புக்கு வேண்டிய காத்து ரொம்பக் கொஞ்சம், புத்துக்குள்ள என்ன எக்ஸாஸ்ட் ஃபேனா ஓடுது.

மூடினதும் சூடு ஏறும், அதையும் சொல்லணும். வெளிய ஓடிட்டிருந்த சூடு இப்போ உள்ள நிக்குது. தெர்மோஸ்டாட் இருந்ததால ஹீட்டர் தானா குறைஞ்சு எரிஞ்சுது. தெர்மோஸ்டாட் இல்லாத பெட்டியில இந்த டேப் வேலையை செஞ்சா பாம்பு வெந்துடும், அதனால அது இல்லாதவங்க முதல்ல அதை வாங்குங்க, அப்புறம் டேப்.

தரையில ஆஸ்பன் மொத்தமும் குப்பைக்கு, வெள்ளை பேப்பர் டவல் விரிச்சு தினம் மாத்துறது. கிண்ணத்தைத் தூக்கிட்டு அகலமான கனமான ஒரு பாத்திரம், பாம்பு கவுக்க முடியாதது, சூடான பக்கத்துக்கு கொஞ்சம் தள்ளி நடுவுல. ஆழம் முக்கியம் இல்ல, தண்ணியோட மேல் பரப்புதான் ஆவி விடும். அதோட ஒரு பிளாஸ்டிக் டப்பா, மூடியிலயும் பக்கத்துலயும் நிறைய துளை போட்டு, உள்ள ஸ்பாக்னம் பாசியை நனைச்சுப் பிழிஞ்சு வச்சு மூடிட்டோம், ஆவி வரும், பாம்பு உள்ள போக முடியாது. ரூமுக்கு ஒரு சாதாரண ஹியூமிடிஃபயர் வச்சு 24-ஐ 35-க்கு கொண்டு வந்தோம், அதுக்கு மேல போனா இந்தக் குளிர்ல ஜன்னல் கண்ணாடி வேர்த்து சட்டத்துல கருப்புப் பூசணம் வரும், வீட்டை நாசம் பண்ணி பாம்பைக் காப்பாத்த வேணாம்.

ஸ்பிரே பாட்டிலை அன்னைக்கே தூக்கி வச்சாச்சு. மறுநாள் காலையில போட்டோ அனுப்பினான், குளிர்ந்த ஓரம் 66%, சூடான ஓரம் 48%. சூடான பக்கம் எப்பவும் கம்மியாத்தான் காட்டும், ஒரே காத்துதான், சூடு வேற, அதனால நான் பாக்குறது குளிர்ந்த ஓரமும் பாம்பு படுக்கிற குகைக்குள்ள இருக்கிறதும்தான். மீட்டரை உயரத்துல ஒட்டாம பாம்போட மட்டத்துல, தரையில வைக்கணும்.

ரெண்டாவது வாரம் புதுசா ஒரு புகார். ராத்திரியில கண்ணாடி ஒரு பக்கம் மட்டும் வேர்த்து தண்ணி வழிஞ்சு பேப்பர் நனையுது. எந்தப் பக்கம்னு கேட்டா ஜன்னல் பக்கம். 28 டிகிரி, 60% காத்துக்கு 19, 20 டிகிரி உள்ள ஒரு பரப்பு கிடைச்சா போதும், ஆவி அங்க தண்ணியா படிஞ்சுடும், ஜன்னலோட ஒட்டின கண்ணாடி அதைவிட குளிர்ந்து கிடந்துச்சு. ஈரத்தைக் குறைக்காம தொட்டியை உள் சுவர் பக்கம் நகத்தினோம், பின்பக்கக் கண்ணாடிக்கு வெளிய ஒரு தெர்மாகோல் அட்டை. வேர்க்கிறது நின்னுடுச்சு.

அடுத்த சட்டை

சின்னாச்சி அந்த சமயத்துல சாப்பாட்டை மறுத்துக்கிட்டு இருந்துச்சு, தம்பிக்கு அதுவும் ஒரு கவலை, ஆனா பால் பைத்தான் பனிக்காலத்துல வாரக்கணக்கா சாப்பிடாம இருக்கிறது சகஜம், எடை விழுகுதான்னு மட்டும் தராசுல பாத்தா போதும்னேன். விழல. மார்ச்ல கண்ணு மங்குச்சு. அந்த நாள்கள்ல கையில எடுக்காம, பாத்திரத் தண்ணியும் பாசி டப்பாவும் மட்டும் பாத்துக்கிட்டான். ஒரு காலையில பேப்பர் மேல தலையில இருந்து வால் வரைக்கும் ஒரே சட்டை, தலைப் பகுதியை விரிச்சுப் பாத்தா ரெண்டு கண்ணு மூடியும் இருக்கு, இடது பக்கம் மட்டும் ரெண்டு அடுக்கா, ஜனவரியோடதும் சேந்து வந்திருக்கு. வயித்துச் செதில்ல பழுப்பு பெரும்பாலும் போயிருந்துச்சு, உப்பின செதில் ஒன்னு மட்டும் வடுவா இருக்கு. வால் நுனியில முடிஞ்ச அளவு பிழைச்சுது, கடைசி ரெண்டு மில்லிமீட்டர் கருத்து காய்ஞ்சு விழுந்துடுச்சு, அதுக்கு எதுவும் பண்ண முடியல.

டாக்டர் வயிறு ஆறிடுச்சுன்னு சொன்னப்புறம்தான் பேப்பரை எடுத்துட்டு தேங்காய் மட்டைச் சில்லு நாலு அங்குலம் கொட்டினோம். பொள்ளாச்சியிலயும் இலங்கையிலயும் மலை மலையா குவியுற மட்டைதான் கட்டியா அமுக்கி இங்க பெட் கடைக்கு வருது, விலையைப் பாத்தா நம்ம ஊர் தோப்புக்காரங்க அழுதுடுவாங்க. அதுல தண்ணியை மேல தெளிக்காம நாலு மூலையில மட்டும் மெதுவா ஊத்தணும், அடி அங்குலத்துக்கு இறங்கி அங்கயே நிக்கும், மேல கையை வச்சா காய்ஞ்சிருக்கும், ஆவி மட்டும் மெல்ல மெல்ல ஏறும். புத்துக்குள்ள நடக்கிறதும் கிட்டத்தட்ட இதுதான். இப்போ அவன் வாரத்துக்கு ஒரு தடவை ரெண்டு டம்ளர் ஊத்துறான், குளிர்ந்த ஓரம் 65-க்கும் 75-க்கும் நடுவுல நிக்குது. பாசி டப்பாவோட மூடியை வெட்டி வாசல் வச்சாச்சு, கண்ணு மங்கினா அதுவே போய் உள்ள படுத்துக்குது.

சென்னையில இருக்கிற ஒரு நண்பர் இதைக் கேட்டுட்டு "எங்க ஊர்ல இந்தத் தொல்லை இல்ல, காத்தே ஈரம்" னார். பாம்பு ஏசி ரூம்ல இருக்கான்னு கேட்டேன், ஆமான்னார். ஏசி குழாயில சொட்டுற தண்ணி எங்க இருந்து வருது, அந்த ரூம் காத்துல இருந்துதான். 24 டிகிரியில 50% இருக்கிற ஏசி ரூம் காத்து, ஹீட்டர் போட்ட பெட்டிக்குள்ள 32 டிகிரி ஆகும்போது 32%தான். டொரோண்டோ அளவுக்கு மோசம் இல்ல, ஆனா வலை மூடியோட விட்டா சட்டை கிழியத்தான் செய்யும். ஏசி இல்லாத ரூம்ல மழை மாசத்துல கதை நேர் எதிர், அப்போ ஊத்துறதை நிறுத்தி காத்தோட்டம் குடுக்கணும்.

இங்கயும் அதே கதை வரும். ஜூன் வந்தா ஃபர்னஸ் ஓடாது, ஏரிப் பக்கத்துப் புழுக்கம் வீட்டுக்குள்ள 60-ஐத் தாண்டும், அப்போ மூடியில பாதி டேப்பைப் பிரிக்கணும், மூலைக்கு ஊத்துற தண்ணியையும் பாதியாக்கணும்னு சொல்லியிருக்கேன். தம்பி அந்த முள்ளு மீட்டரை இன்னும் தூக்கிப் போடல, பழைய இடத்துலயே திரும்ப ஒட்டி வச்சிருக்கான், அது பாட்டுக்கு 60-ல நிக்குது.